அளவுகோலும் ஆய்வுப்பொருளும்: குழந்தை வளர்ச்சி ஆய்வுகளில் நம் குடும்பங்கள்

அங்கன்வாடிப் பதிவேடுகளில் உள்ள வளர்ச்சி வரைபடத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். குழந்தையின் எடை பச்சைப் பட்டையில் விழுந்தால் நலம், மஞ்சளில் விழுந்தால் கவனம், அதற்கும் கீழே இறங்கினால் ஆபத்து. அந்த வளைகோடுகளை வரைவதற்கு யாருடைய குழந்தைகள் அளக்கப்பட்டார்கள் என்று கேட்பவர் குறைவு. 1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்தது. 2006இல் வெளிவந்த அந்தத் தர அளவே இன்று நம் நாட்டிலும் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் அளக்கப்பட்டவை தெற்கு டெல்லியின் வசதி படைத்த குடும்பங்களைச் சேர்ந்த குழந்தைகள். தற்செயலாக அமைந்ததல்ல இது. வறுமையும் நோயும் தடுக்காத நிலையில் ஒரு குழந்தை எப்படி வளரும் என்பதை அறிவதே ஆய்வின் நோக்கம். அதற்கேற்பவே குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

இதில் நமக்கு மறுப்பில்லை. ஏழைக் குழந்தைக்கென்று தனியாக ஒரு குட்டையான அளவுகோல் வைப்பது அநீதியை மறைக்கும் வேலையாகவே முடியும். 2013இல் பொருளியலாளர் அரவிந்த் பனகாரியா, இந்தியக் குழந்தைகளின் உயரக் குறைவுக்கு மரபணுவும் காரணமாயிருக்கலாம் என்றும், உலக அளவுகோல் இங்கே ஊட்டக்குறைவை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்றும் வாதிட்டார். அந்த வாதத்தை ஏற்றால் ஒரே நாளில் இலட்சக்கணக்கான குழந்தைகள் காகிதத்தில் நலமாகிவிடுவார்கள்.

நம் கேள்வி வேறு. எப்படி வளர வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு வர்க்கத்தின் குழந்தை தேவைப்படுகிறது. எதனால் வளரவில்லை என்பதைச் சொல்ல வேறொரு தெருவின் குழந்தை தேவைப்படுகிறது. இரண்டாமவரின் வீட்டுக்கே ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் வருகிறார்கள். அந்தக் குடும்பம் என்ன கொடுக்கிறது, பதிலுக்கு என்ன பெறுகிறது?

வேலூரை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2002இல் தொடங்கி, நகரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த 452 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்தனர். மூன்று ஆண்டுகளும் நிறைவு செய்தவர்கள் 373 பேர். களப்பணியாளர்கள் வாரத்துக்கு இருமுறை வீட்டுக்கு வந்து, வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்டு, மலமாதிரி எடுத்துச் சென்றார்கள். வாரம் இருமுறை என்றால் மூன்று ஆண்டுகளில் முந்நூறு வருகைகள். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு தாய் கைவேலையை நிறுத்த வேண்டும். வீட்டிலிருந்தே துண்டுக்குக் கூலி வாங்கும் வேலை என்றால் நின்ற நேரம் கூலியில் குறையும். இந்த நேரம் எந்த ஆய்வுக் கட்டுரையின் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆயினும் அந்த ஆய்வு சொன்னது முக்கியமானது. ரோட்டா வைரஸ் ஒருமுறை தொற்றினாலும் வேலூர்க் குழந்தைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு, முன்பு மெக்சிகோவில் கண்டறியப்பட்டதைவிடக் குறைவாக இருந்தது. மூன்று தொற்றுகளுக்குப் பிறகும் அது முழுமையாகவில்லை. 2011இல் வெளியான இம்முடிவு, வேறொரு நாட்டுக் குழந்தையின் உடல் காட்டும் விடையை அப்படியே நம் குழந்தைக்குப் பொருத்த முடியாது என்பதை உணர்த்தியது. 2016இல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. அதே நகரம், எட்டு நாடுகளில் நடந்த ‘மால்-எட்’ ஆய்வின் களமாகவும் ஆனது. குடல் தொற்றும் ஊட்டக்குறைவும் குழந்தையின் உடல் வளர்ச்சியோடு அறிவு வளர்ச்சியையும் எப்படிப் பாதிக்கின்றன என்பதை அது ஆராய்ந்தது.

ஆகவே, ஆய்வென்றாலே சுரண்டல், கதவைச் சாத்துங்கள் என்று சொல்பவர்களோடு நாம் உடன்படவில்லை. கதவைச் சாத்தினால் நம் குழந்தைகளின் நிலை எண்ணாக எங்கும் பதிவாகாது; பதிவாகாததற்கு அரசும் பொறுப்பேற்காது.

ஆனால் கதவைத் திறப்பது நம் விருப்பமாக இருக்க வேண்டும். ஒப்புதல் என்பதன் பொருள் ‘சரி’ என்று சொல்வதல்ல. ‘வேண்டாம்’ என்று சொல்லும் வலிமையோடு ‘சரி’ என்று சொல்வது. தெற்கு டெல்லித் தாய் ஒருவர் மறுத்திருந்தால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. அவருடைய குழந்தை மருத்துவர் வேறொருவர். நம் தெருத் தாய்க்கோ படிவத்தை நீட்டும் நிறுவனமே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் போக வேண்டிய மருத்துவமனையாகவும் இருக்கக்கூடும். உடன் வந்து நிற்பவர் ரேஷன் அட்டைக்கும் உதவித்தொகைக்கும் நாம் நாடும் ஊழியராக இருக்கக்கூடும். அந்நிலையில் வைக்கப்படும் கைநாட்டு எதற்கான சான்று?

கம்மம் மாவட்டத்தில் நடந்ததை நினைவுகூர வேண்டும். அது வளர்ச்சி ஆய்வு அன்று. எனினும் குழந்தைகள் மீதான ஆய்வில் ஒப்புதல் எப்படிச் சீரழியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான ஆவணம் இந்தியாவில் அரிது. 2009இல் ‘பாத்’ என்னும் அமெரிக்க அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து, ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டது. கம்மத்தில் ஊசி போடப்பட்டவர்களில் பழங்குடி விடுதி மாணவியர் பலர். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளியானதும் 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று அரசின் விசாரணைக் குழு கூறியது. ஆனால் 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த 72ஆவது அறிக்கை ஒப்புதல் படிவங்களைப் புரட்டிப் பார்த்தது: ஆந்திரத்தின் 9,543 படிவங்களில் 1,948இல் கைநாட்டு, 2,763இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெற்றோர் உயிரோடு ஊரில் இருக்க, அவர்கள் மகளின் உடலுக்கு அரசு ஊழியர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார். ‘மருத்துவச் சோதனை’ என்று பெயரிடாமல் ‘செயல்விளக்கத் திட்டம்’ என்று பெயரிட்டதால், சோதனைக்குரிய பாதுகாப்பு விதிகள் பலவும் பக்கத்தில் வரவில்லை. பெயரை மாற்றினால் விதியும் மாறிவிடும் என்பதைக் கவனியுங்கள். இன்றும் ‘கணக்கெடுப்பு’, ‘முன்னோடித் திட்டம்’ என்ற பெயர்களில் நம் தெருக்களுக்கு வருபவை உண்டு.

ஒப்புதலைவிட நுட்பமான இன்னொரு சிக்கல், சாதியை ஆய்வு எப்படிக் கையாள்கிறது என்பது. காரலா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். உயர்த்தப்பட்ட சாதிகளிலிருந்து 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து 321 பேர். தாளில் அச்சிட்ட புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். தீர்த்த எண்ணிக்கைக்கேற்பப் பணம். சாதி அறிவிக்கப்படாதபோது இரு தரப்பும் சமமாகவே தீர்த்தன. பெயரையும் தந்தை பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னும் உரக்க வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சிறுவர்களின் எண்ணிக்கை கணிசமாகச் சரிந்தது. திறமை பிறப்பில் இல்லை, சூழலே அதை முடக்குகிறது என்பதற்கு இட ஒதுக்கீட்டு விவாதங்களில் இன்றும் நாம் எடுத்துக்காட்டும் சான்று இது. நாமும் எடுத்துக்காட்டியிருக்கிறோம். ஆனால் அந்தச் சான்று கிடைப்பதற்காகப் பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுவர்களின் சாதி மற்றவர் முன் வாசிக்கப்பட்டது. அவமதிப்பின் விளைவை அளக்க அவமதிப்பையே ஒருமுறை நிகழ்த்த வேண்டியிருந்தது. இந்த முரணை விழுங்கிவிட்டு அந்த ஆய்வைக் கொண்டாடுவது நமக்கு எளிதாக இல்லை.

அதற்காகச் சாதியைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடலாமா? நீக்கினால் இழப்பு நமக்கே. 2015-16இன் தேசியக் குடும்ப நல ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பட்டியல் சாதிக் குழந்தைகளில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்; பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர் அல்லாத பிரிவினரில் அது 31 விழுக்காடு. பனகாரியாவின் மரபணு வாதம் இந்த இடைவெளியின் முன் தடுமாறுகிறது. அஷ்வினி தேஷ்பாண்டே, ராஜேஷ் ராமச்சந்திரன் ஆகியோர் ஒருபடி மேலே சென்று, தீண்டாமை மிகுதியாகக் கடைப்பிடிக்கப்படும் பகுதிகளில் தலித் குழந்தைகளின் உயரக் குறைவும் மிகுதியாக இருப்பதைக் காட்டினர். படிவத்தில் சாதிக்கென்று ஒரு கட்டம் இல்லாதிருந்தால் இந்த உண்மை வெளிவந்திருக்காது. சாதி கேட்கப்படட்டும், வீட்டுக்குள், தனியாக, எதற்காகக் கேட்கிறோம் என்ற விளக்கத்தோடு.

விதிகள் என்ன சொல்கின்றன என்பதைச் செயற்பாட்டாளர்கள் அறிந்திருப்பது நலம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, குழந்தை ஆய்வில் சேர்வதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் இசைவும் கேட்கப்பட வேண்டும். பள்ளித் தலைமையாசிரியரோ ஊர்த் தலைவரோ தரும் அனுமதி பெற்றோரின் ஒப்புதலுக்கு ஈடாகாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் தரும்போது ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எந்நேரமும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. மருந்து அல்லது தடுப்பூசிச் சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தின் இணையதளத்தில் அதன் பதிவை எவரும் தேடிப் படிக்கலாம்.

நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத பொது உறுப்பினர் ஒருவர் இடம்பெற வேண்டும் என்பதும் விதி. அந்த நாற்காலியில் ஆய்வு நடக்கும் தெருவிலிருந்து ஒரு தாய் ஏன் உட்காரக் கூடாது என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் மௌனம் படிக்கத்தக்கது.

நெறிமுறைகள் இன்னும் போதிய விடை சொல்லாத ஒன்றும் இருக்கிறது. ‘யங் லைவ்ஸ்’ என்னும் நீண்டகால ஆய்வு 2002இல் அன்றைய ஆந்திரத்தில் 3,000 குழந்தைகளோடு தொடங்கியது. அவர்களில் 2,000 பேர் அப்போது ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகள். அவர்களின் உயரம், எடை, படிப்பு, வேலை, திருமணம் எனச் சுற்றுச் சுற்றாகத் தரவு திரட்டப்பட்டு, உலகெங்கும் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கைக்குழந்தைகள் இன்று இருபது வயதைக் கடந்தவர்கள். தாயின் மடியில் இருந்தபோது தொடங்கிய பதிவின் மீது வளர்ந்த பிள்ளைக்கு என்ன உரிமை? தன் பழைய பதிவைப் பார்க்கவும், வேண்டாமென்றால் இனிப் பயன்படுத்தாதே என்று சொல்லவும் அவருக்கு வழி இருக்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

கல்லூரி மாணவர்கள் பலர் விடுமுறையில் இத்தகைய ஆய்வுகளுக்குக் களப்பணியாளராகச் செல்கிறீர்கள். நம் தெருக்களின் பேச்சு தெரியும் என்பதற்காகவே உங்களை எடுக்கிறார்கள். படிவத்தை வாசித்துக் காட்டும்போது விலகும் உரிமை பற்றிய பத்தியை விரைந்து கடக்காதீர்கள். கேட்ட தாயைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அன்றே கையெழுத்து வாங்காமல், வீட்டில் பேசிவிட்டு நாளை சொல்லுங்கள் என்று விட்டு வாருங்கள். படிவத்தின் ஒரு பிரதி அந்த வீட்டிலேயே இருக்கட்டும். யாரை அழைத்துக் கேள்வி கேட்கலாம் என்ற தொலைபேசி எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வு முடிந்தபின் அதே தெருவில் அதே மக்களிடம் முடிவுகள் தமிழில் சொல்லப்படும் நாள் எது என்பதை, வேலையில் சேர்வதற்கு முன்பே உங்கள் ஆய்வுத் தலைவரிடம் கேளுங்கள்.