எல்லோர் கையிலும் இல்லாத ஒரு தசை



இன்று கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் அறிவியல். படிக்கும் முன் ஒரு சின்ன வேலை. கட்டைவிரல் நுனியால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொடுங்கள். அப்படியே மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கயிறு போல ஒன்று புடைக்கிறதா? அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற முன்கைத் தசையின் தசைநாண். எனக்கு வலது கையில் இருக்கிறது, இடது கையில் இல்லை. இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம், கையின் பலத்துக்கு ஒரு குறைவும் வராது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலன், குரங்கு போன்ற விலங்குகளை அறுத்துப் பார்த்து உடற்கூறு எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பா அதையே மனித உடல் என்று படித்தது. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த வெசாலியஸ், மனித உடல்களைத் தாமே அறுத்துப் பார்த்து, 1543இல் வெளியிட்ட நூலில் கேலனின் பல பிழைகளைத் திருத்தினார். அவருக்குப் பின் அங்கே பாடம் நடத்தியவர் ரியால்டோ கொலம்போ. அவருடைய நூல் 1559இல் வந்தது. இந்தத் தசை சிலருக்கு இருப்பதில்லை என்று முதலில் எழுதியவர் அவர்தான் என்பார்கள். மேலைநாட்டுப் பாடநூல்கள் சுமார் 15 சதவீதம் பேருக்கு இல்லை என்கின்றன. கிழக்காசியாவில் அது இன்னும் குறைவு.

உபயோகம் குறைந்த இந்த நாண் அறுவை மருத்துவருக்குப் பெரிய சொத்து. எடுத்தாலும் கை கெடாது, வேறிடத்தில் வைத்துத் தைக்கலாம். 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பேஸ்பால் பந்துவீச்சாளரின் வலது முன்கையிலிருந்து இதை எடுத்து, இடது முழங்கையில் அறுந்திருந்த பிணைப்பு நாருக்குப் பதிலாக வைத்தார். அவர் 1976இல் மைதானத்துக்குத் திரும்பி, 1989 வரை விளையாடினார். அந்த அறுவை சிகிச்சைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் ஓர் ஆபத்து உண்டு. இந்த நாணுக்குச் சற்றுக் கீழேதான் மீடியன் நரம்பு ஓடுகிறது. கட்டைவிரலுக்கு அசைவும், அதையடுத்த விரல்களுக்குத் தொடுவுணர்வும் தருவது அதுதான். நாண் இல்லாத கையில், புத்தகம் சொன்ன இடத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே என்று நரம்பையே நாணாக எண்ணி எடுத்துவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கத்தி வைக்கும் முன் நாம் செய்த இந்தச் சோதனையைச் செய்ய அரை நிமிடம் போதும்.

கேலன் காலத்திலிருந்து வரும் பாடம் இதுதான். புத்தகம் பொதுவாகச் சொல்லும், எதிரே இருப்பவரோ ஒரு தனி மனிதர். என்னிடம் படித்து இன்று மருத்துவராக, செவிலியராக, ஆசிரியராக இருக்கும் பிள்ளைகளே, படித்ததை நம்புங்கள், ஆனால் எதிரில் இருக்கும் கையையும் ஒருமுறை பாருங்கள்.

உங்களுக்கு உண்டா, இல்லையா? எந்தக் கை என்று கீழே எழுதுங்கள். வீட்டில் பேரக்குழந்தைகளையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.