கணினியின் பேரேடு



தோட்டத்து அலுவலகத்தில் கிராணியார் எழுதிய செக்ரோலை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வரி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். கணினியில் தகவல்களை அவ்வாறு ஒழுங்குற வைக்கும் ஏற்பாட்டையே தரவுத்தளம் என்கிறோம். அதை அமைக்கும் வழிகள் எப்படித் தோன்றின என்பதை அறிந்தால், எது எங்கே பொருந்தும் என்பது விளங்கும்.

அமெரிக்காவின் அப்பல்லோ விண்வெளித் திட்டத்துக்கு வேண்டிய எண்ணற்ற உறுப்புகளைக் கணக்கில் வைக்க, 1966ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் ஓர் ஏற்பாட்டை உருவாக்கத் தொடங்கினர். அதில் தகவல்கள் மரக்கிளைகளைப் போல அமைந்தன. கிளை வழியே சென்றால் விடை விரைவில் கிடைக்கும். முன்பு எண்ணியிராத கேள்வி எழுந்தாலோ தொல்லைதான்.

அதே நிறுவனத்தில் பணிபுரிந்த எட்கர் காட் என்னும் கணித அறிஞர் 1970இல் வேறொரு வழி கூறினார். தகவல்களை அட்டவணைகளாக வைத்து, பொதுவான எண்ணால் இணைக்கலாம் என்றார். மாணவர் பட்டியலையும் மதிப்பெண் பட்டியலையும் பதிவு எண் இணைப்பதைப் போல. இதுவே தொடர்புசார் தரவுத்தளம். 1981இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

பின்னர் இணைய வாணிகம் பெருகியது. தகவல்களைப் பல கணினிகளில் பரப்பி வைக்க நேர்ந்தது. 2007இல் அமேசான் நிறுவனத்தார் டைனமோ என்னும் தங்கள் ஏற்பாட்டை விளக்கினர். அதில் அட்டவணை இணைப்பு இல்லை; அடையாளத்தைச் சொன்னால் வாடிக்கையாளரின் கூடை முழுவதும் வந்துவிடும். இது தொடர்புசாராத வகை. கூடையில் பொருள் சேர்ப்பது எந்நேரமும் தடைபடாதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். அதற்கு ஈடாக, நீக்கிய பொருள் சில வேளைகளில் மீண்டும் தோன்றக்கூடும் என்பதையும் அவர்கள் ஒப்புக்கொண்டனர்.

கூடையில் அது சிறு குறை, பார்த்து நீக்கிவிடலாம். சம்பளக் கணக்கில் அப்படி நேரலாமா? ஒரு முறை கழித்த முன்பணத்தை மறுமுறையும் கழித்துவிட்டால், ஒரு குடும்பத்தின் அரிசிக்கே தட்டுப்பாடு வரும்.

இன்று இருவகையும் ஒன்றன் குணத்தை மற்றொன்று ஏற்று வளர்ந்துள்ளன. ஆயினும், புதியது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டா. என்னென்ன கேள்விகள் கேட்கப் போகிறோம்? கணக்கு ஒரு நொடி பிசகினால் யாருக்கு இழப்பு? இவ்விரண்டுக்கும் விடை கண்ட பின்னரே பேரேட்டைத் திறக்க வேண்டும்.