சேந்தமங்கலத்து யூதர்கள்

கேரளத்தில் வடக்குப் பறவூருக்கு அருகே சேந்தமங்கலம் என்று ஒரு சிற்றூர் உண்டு. கைத்தறி நெசவுக்குப் பெயர் போன ஊர். அங்கே ஒரு குன்றைச் சுற்றிக் கோயில், பள்ளிவாசல், மாதாகோயில், யூதர்களின் தொழுகைக்கூடம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று அருகிலேயே நிற்கின்றன. தொழுகைக்கூடத்தில் மட்டும் இன்று தொழுவார் இல்லை. அவர்கள் எங்கே போனார்கள்? அந்தக் கதையைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

யூதர்கள் கடல் வணிகத்தின் வழியே சேர நாட்டுக்கு வந்தவர்கள். ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்குச் செப்பேடு ஒன்று வழங்கினார். பல்லக்கு, குடை, பகல் விளக்கு முதலிய 72 உரிமைகளை அது அளித்தது. அந்தச் செப்பேடு நம் முன்னோர் எழுதிய வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

ஐரோப்பாவிலோ நிலைமை வேறு. ஸ்பெயின் நாட்டில், மதம் மாறுங்கள், இல்லையேல் வெளியேறுங்கள் என்று 1492-ல் அரச ஆணை பிறந்தது. அங்கே ஏர்வாஸ் போன்ற சிற்றூர்களில் யூதர் வாழ்ந்த குறுகிய தெருக்கள் மட்டுமே மிஞ்சின. அப்படி வெளியேறியவர்களின் வழிவந்த சிலர் கொச்சிக்கு வந்து சேர்ந்தனர். 1568-ல் மட்டாஞ்சேரியில் அவர்களும் ஒரு தொழுகைக்கூடம் எழுப்பினர். மேற்சொன்ன செப்பேடு அங்கேதான் காக்கப்பட்டு வந்தது.

1948-ல் இஸ்ரேல் நாடு உருவாயிற்று. அதன் பின்னர்ச் சேந்தமங்கலத்து யூதர்களும் அங்கே குடிபெயர்ந்தார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை, தாமாகவே புறப்பட்டார்கள். பெண்கள் மலையாளத்தில் பாடிவந்த யூதப் பாடல்களைக் கையெழுத்து ஏடுகளில் கொண்டுபோனார்கள். அந்த ஏடுகளால்தான் பாடல்கள் பிழைத்தன. ஊரில் தங்கிவிட்டது கட்டடமும் கல்லும். 1269-ஆம் ஆண்டைக் குறிக்கும் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல் இன்றும் அந்த முற்றத்தில் இருக்கிறது. கூடம் இப்போது அருங்காட்சியகம்.

மாளை என்ற பக்கத்து ஊரில் யூதர்கள் 1955-ல் தங்கள் தொழுகைக்கூடத்தையும் கல்லறை நிலத்தையும் பஞ்சாயத்திடம் எழுத்து மூலம் ஒப்படைத்தனர். ஆயினும் பிற்காலத்தில் அந்த நிலத்தின் ஒரு பகுதி விளையாட்டுத் திடலாயிற்று. பத்திரம் இருந்தால் மட்டும் போதாது, பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

இது நமக்கு அந்நியமான கதையன்று. நீலாய் வட்டாரத்திலே பால்மரக் காடுகள் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டு வெளியேறும்போது நாமும் கோயிலையும் இடுகாட்டையும் விட்டுவிட்டுத்தான் போகிறோம். கோயில் எந்த ஆண்டில் எழுந்தது, யார் யார் கட்டினார்கள், இடுகாட்டில் யார் யார் உறங்குகிறார்கள் என்பதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். அந்தப் பெண்களின் கையிலும் இருந்தவை வெறும் ஏடுகள்தாமே!