வரவேற்பறை ஹை-ஃபை: இளையர்களிடம் அதற்கு எதிர்காலம் உண்டா?

தாத்தா வீட்டிலோ பெரியப்பா வீட்டிலோ பார்த்திருப்பீர்கள். தொலைக்காட்சிக்கு இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர், நடுவில் ஆம்ப்ளிஃபயர், கூடவே "அதுல கை வைக்காதே" என்ற எச்சரிக்கை. இன்று அந்த இடத்தில் ஒரு சவுண்ட்பார் இருக்கலாம். வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேர் காதிலும் இயர்பட்ஸ்.

அப்போ ஹை-ஃபை முடிந்துபோன கதையா? இல்லை, இடம் மாறியிருக்கிறது. ஆனால் மாறும்போது, ஒன்றாக உட்கார்ந்து பாட்டு கேட்கும் பழக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு வந்துவிட்டது.

ஹை-ஃபை என்றால் என்ன?

பதிவில் உள்ள ஒலியைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே தருவதுதான் ஹை-ஃபை. அதன் முக்கிய அம்சம் ஸ்டீரியோ. இரண்டு ஸ்பீக்கர்களைச் சரியாக வைத்தால், பாடகரின் குரல் இரண்டுக்கும் நடுவே வெறும் காற்றிலிருந்து வருவதுபோல் இருக்கும். வயலின் ஒரு பக்கம், தபேலா இன்னொரு பக்கம் எனப் பிரிந்து கேட்கும்.

இளையராஜா இசையில் 1978-ல் வந்த 'ப்ரியா' படத்தின் பல காட்சிகள் சிங்கப்பூரில் எடுக்கப்பட்டவை. ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப் படம் அது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பாடல்களைக் கைத்தொலைபேசியின் குட்டி ஸ்பீக்கரில் கேட்டால் இடது, வலது வித்தியாசம் சரியாகத் தெரியாது. ஹெட்ஃபோனில் தெரியும், ஆனால் இசை தலைக்குள்ளேயே நிற்பதுபோல் இருக்கும். அறையில் எல்லாரும் சேர்ந்து கேட்க ஸ்பீக்கர்தான் வேண்டும்.

அது ஏன் இடம் மாறியது?

முதல் திருப்பம் 1979-ல் சோனி வெளியிட்ட வாக்மேன். பாட்டு சட்டைப்பைக்குள் வந்தது. பிறகு கணினி மேசை. அதில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. இங்கு 1981-ல் தொடங்கப்பட்ட கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையைக் கொண்டுவந்தது. 2016-ல் ஏர்பாட்ஸ் வந்தபின் கம்பியும் போயிற்று.

அடெல்ஃபி கடைத்தொகுதிக்குப் போனால் இந்த மாற்றம் கண்ணில் படும். கோல்மன் ஸ்ட்ரீட்டில் உள்ள அந்த இடம் ஹை-ஃபை பிரியர்களுக்குப் பல்லாண்டாகப் பழக்கமானது. ஸ்பீக்கர் கடைகள் இருந்த அதே கட்டடத்தில் ஹெட்ஃபோன்களுக்கென்றே கடைகள் வந்தன.

தரம் குறைந்துவிட்டதா?

சொல்லப்போனால், தரமான இசை இவ்வளவு எளிதாக முன்பு கிடைத்ததில்லை. ஒரு சிடியில் விநாடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கும். சாதாரண ஸ்ட்ரீமிங்கில் அதிகபட்சம் 320 கிலோபிட் அளவுதான். ஆனால் ஆப்பிள் மியூசிக் 2021-ல் இழப்பில்லா ஒலியைக் கூடுதல் கட்டணமின்றித் தந்தது. ஸ்பாட்டிஃபையும் 2025 செப்டம்பரில் பிரீமியம் சந்தாதாரர்களுக்குப் படிப்படியாக அதைத் தரத் தொடங்கியது.

இங்கே ஒரு சிக்கல். சாதாரண ப்ளூடூத் இணைப்பு அந்தத் தகவலை மறுபடியும் சுருக்கித்தான் அனுப்பும். நேர்மையாகச் சொன்னால், 320 கிலோபிட்டுக்கும் இழப்பில்லா ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலரால் கண்டுபிடிக்க முடியாது. ஸ்பீக்கரையும் அதை வைக்கும் இடத்தையும் மாற்றினால் வித்தியாசம் யாருக்கும் கேட்கும். உங்கள் பணம் அங்கே போகட்டும்.

இசைத்தட்டு திரும்பி வந்ததே?

வந்தது. அமெரிக்காவில் 2022-ல் வினைல் இசைத்தட்டுகளின் விற்பனை எண்ணிக்கை சிடியை முந்தியது. 1987-க்குப் பிறகு அதுவே முதல்முறை. ஆனால் லுமினேட் நிறுவனம் 2023-ல் அங்கு வெளியிட்ட ஆய்வின்படி, இசைத்தட்டு வாங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் அதை இயக்கும் கருவி இருந்தது. மற்றவர்களுக்கு அது சுவரில் மாட்டும் நினைவுப்பொருள் என்றே வைத்துக்கொள்ளலாம். இசையைக் கையில் தொட ஆசை இருக்கிறது. அதற்காக முழு ஸ்டீரியோ செட் வாங்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

பழைய நிறுவனங்களின் நிலை?

சாம்சுங்கின் துணை நிறுவனமான ஹர்மன், டெனன், மராண்ட்ஸ், போவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் ஆகிய பெயர்களை 2025-ல் 350 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அவற்றை விற்ற மாசிமோ நிறுவனம், 2022-ல் அந்தத் தொழிலுக்காகக் கொடுத்தது சுமார் 1 பில்லியன் டாலர். மூன்றே ஆண்டில் விலை இப்படி இறங்கியது, தனியாக நின்று ஹை-ஃபை விற்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுகிறது.

வீவக வீட்டில் சாத்தியமா?

பலருக்கும் உள்ள தயக்கம் இதுதான்: "பக்கத்து வீட்டுக்காரங்க என்ன சொல்வாங்க?" நியாயமான கேள்வி. அண்டைவீட்டுச் சத்தம் குறித்த சமூக ஆலோசனைக் குழு, அமைதி நேரத்தை இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை என நீட்டிக்கப் பரிந்துரைத்தது. 50 ஹெர்ட்ஸ் பாஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். திரைச்சீலையோ மெல்லிய நுரைப்பலகையோ அதைத் தடுக்காது.

ஆனால் வழி இருக்கிறது:

• சப்வூஃபரைத் தவிருங்கள். சிறிய ஸ்பீக்கர்கள் இரண்டு போதும்.
• ஸ்பீக்கர்களைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். அடியில் ரப்பர் அல்லது ஃபோம் இருக்கட்டும்.
• இரண்டு ஸ்பீக்கர், நீங்கள் என மூன்று புள்ளிகளும் சம முக்கோணமாக இருக்கட்டும். நெருங்கி உட்கார்ந்தால் குறைந்த சத்தமே போதும்.
• ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பாஸ் வீங்கி, பாட்டு குழம்பும்.

காதுக்கும் இது நல்லதா?

சத்தத்தைப் பொறுத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் ஒலியை வாரம் 40 மணிநேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணிநேரம் மட்டுமே. எம்ஆர்டி இரைச்சலை மீறக் கேட்க வேண்டும் என்று இயர்பட்ஸில் சத்தத்தைக் கூட்டும்போது நமக்கே தெரியாமல் அந்த அளவைத் தாண்டிவிடலாம். அமைதியான வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை.

அப்போ, வாங்கலாமா?

உடனே வாங்க வேண்டாம். முதலில் வீட்டில் தேடிப் பாருங்கள். பழைய ஆம்ப்ளிஃபயர் வேலை செய்தால், ஒரு சிறிய ப்ளூடூத் ரிசீவரோ ஸ்ட்ரீமரோ போதும், உங்கள் கைத்தொலைபேசியிலிருந்து அதில் பாட்டு போடலாம். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் நம் ஊர் ஈரக்காற்றில் உதிர்ந்திருக்கலாம். அதை மட்டும் மாற்ற முடியும், எனவே பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

எதுவும் இல்லையென்றால், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே பொருத்திய ஆக்டிவ் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைச் சில நூறு வெள்ளிக்கு வாங்கலாம். கடையில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டைப் போட்டுக் கேட்டபிறகு முடிவெடுங்கள்.

வீடு மாறும்போதோ புதுப்பிக்கும்போதோ முதலில் வெளியே போவது பெரும்பாலும் அந்தப் பழைய செட்தான். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் சொந்தக்காரரை உட்காரவைத்து, அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்று, உங்களுக்குப் பிடித்தது ஒன்று என மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று அதன்பிறகு இருவருமே சேர்ந்து முடிவு செய்யலாம்.