ஷேக்ஸ்பியர்: ஒரு பெயரும் அதன் கேடயமும்

இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் வேரூன்றியது பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளில்தான். தொழில், ஊர், தகப்பன் பெயர், பட்டப்பெயர் என நான்கு வழிகளில் அவை பிறந்தன. ஷேக்ஸ்பியர் பட்டப்பெயர் வகை: ஈட்டியைச் சுழற்றுகிறவன். வீரன் ஒருவனையோ சண்டைக்காரன் ஒருவனையோ ஊரார் அப்படிக் கூப்பிட்டிருக்கலாம்.

தொடக்கத்தில் அதற்குப் பெருமை ஏதும் இல்லை. 1248இல் குளோஸ்டர்ஷயரில் கொள்ளைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர் பழைய ஏடுகளில் காணப்படும் முதல் ஷேக்ஸ்பியர்களில் ஒருவர். 1487இல் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரியில் ஹியூ ஷேக்ஸ்பியர் என்பவர் தம் பெயரைச் சாண்டர் என்று மாற்றிக்கொண்டார். பழைய பெயர் இழிவாகக் கருதப்பட்டதே காரணம் என்று கல்லூரிப் பதிவேடு சொல்கிறது.

அதே பெயரைக் கேடயத்தில் ஏற்ற ஆசைப்பட்டவர் ஜான் ஷேக்ஸ்பியர். குத்தகை விவசாயியின் மகன். ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை தைத்து விற்றவர். 1568இல் ஊரின் தலைமைப் பதவியான பெய்லிஃப் ஆனார். குலச்சின்னம் கேட்டு லண்டனின் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸை அணுகினார். சின்னம் கிடைத்தால் அவரும் சந்ததியும் ‘ஜென்டில்மேன்’ வரிசையில் சேரலாம். ஆனால் கடன் நெருக்கியது; மனு கிடப்பில் போடப்பட்டது.

மகன் வில்லியம் நாடகத்தில் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு மனு மீண்டும் உயிர்பெற்றது. 1596 அக்டோபர் 20 அன்று தலைமைச் சின்ன அதிகாரி வில்லியம் டெத்திக் ஜானுக்குச் சின்னம் வழங்கினார். பொன்னிறக் கேடயம், அதன் குறுக்கே சரிவாக ஒரு கறுப்புப் பட்டை, பட்டையின்மேல் வெள்ளி முனையுடன் பொன் ஈட்டி. உச்சியில் சிறகு விரித்த வெள்ளை வல்லூறு. அதன் காலிலும் ஓர் ஈட்டி. பெயரையே படமாக்கிவிட்டார்கள். ஹியூவுக்குக் கூச்சம் தந்த ஈட்டிதான் இங்கே அலங்காரம். ‘உரிமையின்றி அல்ல’ என்ற பிரெஞ்சு வாசகமும் வரைவில் இருக்கிறது.

ஆனால் அந்தக் கேடயத்தைச் சுமக்கவேண்டிய ஜானின் பேரன், வில்லியமின் மகன் ஹேம்னெட், 11 வயதில், அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தான்.

1602இல் இன்னொரு சிக்கல். ரால்ஃப் புரூக் என்ற சின்ன அதிகாரி, தகுதியற்றவர்களுக்கு டெத்திக் சின்னம் வழங்கிவிட்டதாகக் குற்றம்சாட்டி 23 பேரைப் பட்டியலிட்டார். அதில் ஷேக்ஸ்பியரும் உண்டு. மாலி பிரபுவின் சின்னத்தைப் போல இருக்கிறது என்பதும் புகார். டெத்திக்கும் சக அதிகாரி வில்லியம் கேம்டனும் பதில் எழுதினார்கள்: பட்டையின் மேலுள்ள ஈட்டியே போதுமான வேறுபாடு, ஜான் ஊர்ப் பொறுப்பு வகித்தவர், ஆர்டன் குடும்பத்தில் பெண் எடுத்தவர். சின்னம் நிலைத்தது.

1616இல் வில்லியம் இறந்தபோது ஜானின் ஆண்வழி முடிந்தது. இன்று ஷேக்ஸ்பியர் என்ற பெயருள்ள எவரும் அந்தக் கேடயத்தைத் தமதென்று சொல்ல முடியாது. ஆங்கிலேய மரபில் சின்னம் ஒரு மனிதருக்கும் அவருடைய ஆண்வழிச் சந்ததிக்கும் உரியது. குடும்பப் பெயருக்கு அல்ல. ‘உங்கள் பெயரின் குலச்சின்னம்’ என்று கடைகளில் விற்கப்படும் கேடயங்கள் இந்த உரிமையைத் தருவதில்லை. எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. பிறப்பால் பெருமை தேடும் ஒரு ஏற்பாட்டுக்குள்ளும், கையுறை தைத்தவர் தம் உழைப்பையும் ஊர்ப்பணியையும் முன்வைத்து நுழைய அது வழிவிட்டதே!