குன்னூரும் பிலடெல்பியாவும் ஒரு முயலும்

பெர்ன்ஹில்லில் எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைப் பெட்டை முயல் இருக்கிறது. அதற்கு இரண்டரை வயதானபோது, நகம் வெட்டக் கொண்டுசென்ற இடத்தில் கால்நடை மருத்துவர் ஒரு செய்தி சொன்னார். “சார், இதன் கருப்பையையும் சூலகத்தையும் எடுத்துவிடுவது நல்லது. பெட்டை முயல்களில் எண்பது விழுக்காட்டுக்குக் கருப்பையில் புற்று வரும்.”

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவன். மாணவர் யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எதை அளந்தார்கள், எத்தனை முறை அளந்தார்கள் என்று கேட்பது என் தொழில். இந்த எண்பது எங்கே அளக்கப்பட்டது? தேடிப் போனால் பாதை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் முடிந்தது. வியப்பு என்னவென்றால், அதே பாதையின் ஒரு கிளை நம் குன்னூருக்கும் வருகிறது.

ஹென்றி பிப்ஸ் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வரான கார்னகியின் கூட்டாளி அவர். 1903-ஆம் ஆண்டில் அவர் கர்சன் பிரபுவிடம் இந்திய நாட்டின் நன்மைக்கென்று ஒரு பெருந்தொகையை அளித்தார். அதன் பெரும்பகுதி பீகாரில் பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையமாயிற்று. மற்றொரு பகுதி 1907-இல் குன்னூரில் திறக்கப்பட்ட பாஸ்டர் நிலையத்துக்கு வந்தது. அதுவரை வெறிநாய் கடித்த தென்னாட்டார் மருந்துக்காக இமயமலைச் சாரலில் உள்ள கசௌலிக்குப் போக வேண்டியிருந்தது. போய்ச் சேருமுன் காலம் கடந்துவிடும். வெறிநாய்க்கடிக்குப் பாஸ்டர் பாரிசில் கண்ட மருந்தே முயலின் முதுகுத்தண்டை உலர்த்திச் செய்ததுதான் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

அதே பிப்ஸ், அதே 1903-இல், காசநோய் ஆராய்ச்சிக்கென்று பிலடெல்பியாவில் ஒரு நிலையம் அமைத்தார். அங்கே பிற்காலத்தில் மாக்ஸ் லூரி என்ற ஆய்வாளர், காசநோயை எதிர்க்கும் ஆற்றல் பரம்பரையாக வருகிறதா என்று காண விரும்பி, நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்து முயற் குடும்பங்களைப் பல ஆண்டுகள் வளர்த்தார். அவர் தேடியது காசநோயை. அந்த முயற்கூடத்தின் பதிவுகளில் கிடைத்ததோ கருப்பைப் புற்று. இங்கால்ஸ் என்பவரும் லூரி முதலான தோழர்களும் 1964-இல் வெளியிட்ட கட்டுரையில் கணக்கு இருக்கிறது. 849 பெட்டை முயல்களில் 142-க்குப் புற்று, அதாவது 16.7 விழுக்காடு.

அப்படியானால் எண்பது எங்கே? வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்த இடத்தில் இருக்கிறது. இரண்டு முதல் மூன்று வயதுள்ளவற்றில் 4.2 விழுக்காடு. ஐந்து முதல் ஆறு வயதுள்ளவற்றில் 79.1 விழுக்காடு. இந்தக் கடைசி எண்ணே ‘முதிய’ என்ற சொல்லையும், ‘அந்தக் குடும்பங்களில்’ என்ற சொல்லையும் வழியில் உதிர்த்துவிட்டு, எண்பதாக உருண்டு, பெர்ன்ஹில் வரை வந்திருக்கிறது. மருத்துவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது எல்லா முயல்களுக்கும் பொருந்தும் அளவீடன்று. நெருங்கிய உறவில் பிறந்த முயல்களின் கணக்கை நம் கலப்பின முயலுக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது. எனினும் எண்ணை விட்டுவிட்டுப் போக்கைப் பாருங்கள். வயது ஏற ஏற நோய் செங்குத்தாக ஏறுகிறது. இதற்குமுன் 1938-இலேயே ராக்பெல்லர் ஆய்வு நிலையத்து ஹாரி கிரீன் தம் முயல்களில் இந்தக் கட்டிகளை விரிவாக எழுதியிருந்தார். பிற்கால ஆய்வுகளில் அளவு கூடியும் குறைந்தும் வந்ததே தவிர, முதிய பெட்டைகளில் இந்நோய் மிகுதி என்பது மாறவில்லை.

முயல் மனிதரோடு பல நூற்றாண்டுகள் வாழ்ந்திருக்கிறதே, இதை ஏன் முன்னமே காணவில்லை என்று நீங்கள் கேட்கலாம். விடையை எங்கள் மலையிலேயே காணலாம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் சாண்டிநல்லாவில் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா முதலிய முயல் இனங்களும் அங்கே வளர்க்கப்பட்டு ஆராயப்பட்டு வந்துள்ளன. இறைச்சிக்கு வளர்க்கும் முயல் மூன்று நான்கு மாதத்தில் கதை முடிந்துவிடும். ஈனும் பெட்டையும் சில ஆண்டுகளில் கழிக்கப்படும். புற்று வரும் வயதுவரை முயலை யார் வாழவிட்டார்கள்? ஆய்வுக்கூடத்துக் கணக்கேடும், குழந்தைகளின் அன்பும் மட்டுமே வாழவிட்டன.

இனி, ஏன் வருகிறது என்பது. பெண் முயலுக்கு மாதச் சுழற்சி போன்ற ஒன்று கிடையாது. கிடாவோடு சேர்ந்து ஏறத்தாழப் பத்து மணி நேரத்துக்குப் பிறகே அதன் சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படுகிறது. 1905-இல் கேம்பிரிட்ஜின் வால்டர் ஹீப் இதை ஆராய்ந்து எழுதினார். இந்த இயல்பைக் கொண்டுதான் 1931 முதல் பெண்களின் கருவைக் கண்டறியும் முயல் சோதனையும் நடந்தது. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் முயலை அறுத்தே பார்க்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை. கிடாவே இல்லாத வீட்டில் வளரும் பெட்டையின் சூலகம், ஓய்வில்லாமல் ஈஸ்ட்ரோஜன் என்ற இயக்குநீரைச் சுரக்கிறது. அதன் இடைவிடாத தூண்டுதல் கருப்பைச் சுவரைப் பாதிக்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

அப்படியானால் அறுத்துவிட வேண்டியதுதானே? இங்கேயும் ஓர் எண் இருக்கிறது. இங்கிலாந்தில் எடுக்கப்பட்டு 2008-இல் வெளிவந்த ஒரு பெருங்கணக்கின்படி, மயக்கமருந்து தொடர்பான சாவு நாய்களில் 0.17 விழுக்காடு, பூனைகளில் 0.24, முயல்களில் 1.39. நோயற்ற முயல்களை மட்டும் தனியே எடுத்தால் 0.73. அதாவது 137-இல் ஒன்று. ஒருபுறம் 137-இல் ஒன்று, இன்றைக்கே. மறுபுறம் அதைவிடப் பல மடங்கு பெரிய இடர், சில ஆண்டுகள் கழித்து. என் மகள் ஒரு தாளில் இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு மூன்று நாள் பார்த்தாள். நான்காம் நாள் “கூட்டிட்டுப் போகலாம்பா” என்றாள்.

அதே கணக்கில் இன்னொரு வரி உண்டு. இறந்த முயல்களில் 64 விழுக்காடு, அறுவை முடிந்த பிறகே இறந்தன. எனவே கத்தி மருத்துவருடையது என்றாலும், அடுத்த சில நாட்கள் நம்முடையவை.

முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே அறுவைக்கு முந்தைய இரவு பட்டினி போடத் தேவையில்லை, போடவும் கூடாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய எந்திரம். வலியாலோ அச்சத்தாலோ தின்பதை நிறுத்தினால் குடல் நின்றுவிடும். முயலைக் கொல்வது பெரும்பாலும் அதுவே. விழித்த சில மணி நேரத்துக்குள் காய்ந்த புல்லும், தண்ணீரும், பிடித்த கீரையும் முன்னால் இருக்கட்டும். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். வலிக்கு மருத்துவர் தரும் மருந்தை ஒரு வேளையும் தவறவிடாதீர்கள். உங்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழியே சென்றால் முயலின் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்து உயிரையே எடுத்துவிடும்.

முயல் இருவகைப் புழுக்கை போடுகிறது. மென்மையானதைத் தானே வாய்வைத்துத் தின்று மீண்டும் செரிக்கிறது. 1882-இல் மோரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இதை விளக்கினார். வயிற்றுத் தையல் வலித்தால் அது குனியாது. மென்புழுக்கை கூண்டில் கிடக்கும். வலி இருக்கிறது என்பதற்கு அதுவும் அடையாளம்.

எங்கள் ஊருக்கென்று ஒரு கவலை உண்டு. சிறிய உடலில் எடையை நோக்க மேற்பரப்பு மிகுதி. வெப்பம் விரைவில் போய்விடும். வயிற்று மயிரை மழித்துச் சாராயம் தடவினால், ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. முயலின் உடல் வெப்பம் ஏறத்தாழ 39 டிகிரி; எங்கள் சனவரி இரவோ உறைபனி. கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்றே மிகுதிதான் இங்கே. ஆகவே மயக்கத்தில் ஆக்சிஜன் தருவது இன்னும் முக்கியம். நாங்கள் சுடுநீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வைத்தோம். சூடு மிகுந்தால் விலகிப்போக இடம் வேண்டுமல்லவா? மரத்தூளுக்குப் பதில் பழைய வேட்டி விரித்தோம். தூள் தையலில் ஒட்டும். இரவு பதினொன்றுக்கு அது கொத்தமல்லித் தழையை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இரண்டரை மணிக்கு ஒரு காம்பைக் கடித்தது. விடியலில் நான்கு புழுக்கை. மகள் அவற்றை எண்ணி நேரத்தோடு குறித்துவைத்தாள்.

எடுத்த கருப்பையில் கட்டி எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா, “அப்படீன்னா சும்மாதான் அறுத்தீங்களா, சார்?” என்று கேட்டார். அவர் வீட்டிலும் ஒரு பெட்டை இருக்கிறது, நான்கு வயது. மகளின் தாளை அவருக்குக் கொடுத்தேன். மறுவாரம் அவர் தம் முயலைத் தூக்கிக்கொண்டு வந்து, சிறுநீர் சிவப்பாகப் போகிறது, கேரட் தின்றதாலா என்று கேட்டார். உணவின் நிறமியாலும் முயலின் சிறுநீர் சிவக்கும், இரத்தத்தாலும் சிவக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அன்றே மருத்துவரிடம் அனுப்பினோம்.