சிவப்புப் பொத்தான் உள்ள ரேடியோ

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அப்பா போன் செய்தார். வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, "எலே, அந்த ரேடியோ செத்துப் போச்சு. பதியிற ரேடியோ ஒண்ணு பாத்து வாங்கி அனுப்பு" என்றார். அப்பாவுக்கு 75 வயது. கோவில்பட்டிப் பக்கம் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் லேசில் கேட்கமாட்டார்.

இதென்ன பெரிய விஷயம் என்று இங்கே நாக்பூரில் சீதாபல்டி மார்க்கெட்டுக்குப் போனேன். முதல் கடைக்காரர் ப்ளூடூத் ஸ்பீக்கர் காட்டினார். இரண்டாவது கடையில், ஆயிரக்கணக்கான பழைய பாட்டுகளை உள்ளேயே ஏற்றிவைத்த பெட்டி. பார்க்க ரேடியோ மாதிரி அழகாக இருந்தது, ஆனால் பதிவு செய்யாது. மூன்றாவது கடையில் ஒரு பையன், "அங்கிள், மொபைலில் ஆப் இருக்கும்போது ரேடியோ எதுக்கு?" என்று இந்தியில் கேட்டான். என்னை ஏதோ கிராமபோன் கேட்ட ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

வெறுங்கையோடு வீடு திரும்பும்போது ஒன்று உறைத்தது. 1990-ல் எங்கள் வீட்டில் எட்டாவது படிக்கும் அக்கா கூட ரேடியோ நிகழ்ச்சியைப் பதிவு செய்தாள். இன்று எனக்கு அது முடியவில்லை! எப்படி இப்படி ஆயிற்று என்று யோசித்ததைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வாருங்கள்.

முதலில் தாத்தா கதை. 1978-ல் தாத்தாவைத் திருநெல்வேலி வானொலியில் விவசாய நிகழ்ச்சிக்குப் பேசக் கூப்பிட்டார்கள். கரிசல் மண்ணில் பருத்திக்கு நடுவே உளுந்து போடுவது பற்றி. அது விவசாயிக்கு ரேடியோ பெரிய சொத்தாக இருந்த காலம். 1966-ல் ஆல் இந்தியா ரேடியோ விவசாயத்துக்கென்றே தனிப் பிரிவுகள் தொடங்கியது. தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல், திருச்சி நிலையத்தின் நிகழ்ச்சிகளைக் கேட்டே பரவி, 'ரேடியோ நெல்' என்று பெயர் வாங்கியது. அப்படிப்பட்ட ரேடியோவில் தாத்தா! புது வேட்டி கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஒலிபரப்பான அன்று சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவுக்குக் கீழே ஊரே கூடி நின்றதாம். பத்து நிமிஷம். முடிந்தது.

நான் அப்போது பிறக்கவில்லை. தாத்தா இறந்தபோது எனக்கு மூன்று வயது. அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நிலையத்திலிருந்து வந்த ஒப்பந்தக் காகிதம் மட்டும் அப்பாவின் தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. தலைப்பு, தேதி, நேரம், சன்மானம் எல்லாம் டைப் அடித்து. பேங்க்காரன் கண்ணால் பார்த்தால் வவுச்சர் இருக்கிறது, சரக்கு இல்லை.

நிலையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்தில் ஒலிநாடா விலை உயர்ந்த சாமான். பிபிசி போன்ற பெரிய நிறுவனமே 1960-களிலும் 70-களிலும் தன் நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்துவிட்டு டேப்பைத் திரும்பப் பயன்படுத்தியது. பெரிய தலைவர்கள், வித்வான்கள் குரலென்றால் பெட்டகத்துக்குப் போகும். கரிசல் சம்சாரியின் உளுந்து ஊடுபயிருக்கு யார் இடம் தருவார்கள்?

கேட்பவன் பதிந்து வைத்துக்கொள்ளலாமே என்றால், கேட்பதற்கே அனுமதி வேண்டியிருந்த நாடு இது. சென்னையில் 1924-ல் ஒரு ரேடியோ கிளப் ஒலிபரப்பு தொடங்கி, மூன்று வருஷத்தில் பணமில்லாமல் படுத்தது. அரசாங்க நிலையம் வந்தது 1938-ல். அடுத்த வருஷம் திருச்சியில். இதற்கு நடுவிலேயே 1933-ல் ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள்: லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் ரேடியோ வைத்திருப்பது குற்றம். நிலையம் வருவதற்கு முன்னாலேயே சட்டம் வந்துவிட்டது, நம்ம ஊர் வழக்கப்படி. சுதந்திரத்துக்குப் பிறகும் அது போகவில்லை. வருஷா வருஷம் தபால் ஆபீஸில் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். எங்கள் வீட்டுப் புத்தகத்தில் 15 ரூபாய் என்று இருக்கிறது. அப்பா தபால் ஆபீஸ் கவுண்டரின் உள்பக்கம் உட்கார்ந்து பணம் வாங்கியவர். தன் ரேடியோவுக்கு மட்டும் வெளியே வந்து வரிசையில் நின்று கட்டுவாராம். 1980-களின் நடுவில்தான் அந்த லைசென்ஸ் ஒழிந்தது.

(இலங்கை வானொலி பற்றி எழுதாமல் திருநெல்வேலிக்காரன் ரேடியோ கட்டுரையை முடிக்கக் கூடாது. 1952-ல் அமைச்சரான கேஸ்கர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டைத் துரத்தினார்கள். பாட்டு கேட்க நாடே இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பியது. 1957-ல் விவித்பாரதி வந்ததே அதனால்தான். எங்கள் பக்கம் அதற்குப் பிறகும் மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும்தான். அதைப் பற்றித் தனியாக எழுத ஆசை.)

பதிவு செய்யும் வசதி நம் மாதிரி வீடுகளுக்கு வந்தது கேசட்டோடுதான். பிலிப்ஸ் கம்பெனி சின்னக் கேசட்டை 1963-ல் அறிமுகப்படுத்தியது. சில வருஷங்களிலேயே ரேடியோவும் கேசட்டும் ஒரே பெட்டிக்குள் வந்தன. நம் ஊரில் அதற்குப் பெயர் டூ-இன்-ஒன். எங்கள் வீட்டுக்கு அது 1989-ல் ஷார்ஜாவிலிருந்து மாமா தோளில் வந்தது. சிவப்புப் பொத்தானையும் ப்ளே பொத்தானையும் சேர்த்து அமுக்கினால், ரேடியோவில் ஓடுவது நேராக நாடாவில் ஏறும். இந்த 'நேராக' என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் யாரும் மேலே பதிய முடியாது. மனசு மாறினால் அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டினால் போதும்! அம்மா பல் உடைக்கும் கட்சி. அக்கா செல்லோ டேப் கட்சி. அம்மா ஆசையாகப் பதிந்து வைத்த பக்திப் பாட்டுகள் மேல் அக்கா சினிமாப் பாட்டைப் பதிந்து, இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்தது டிஜிட்டல். ஒலியைச் சுருக்கும் முறை ஒன்று ஜெர்மனியில் உருவாகி, 1995-ல் எம்பி3 என்ற பெயரைப் பெற்றது. 1998-ல் அதைச் சட்டைப் பையில் வைத்துக் கேட்கும் கருவிகள் வந்தன. அவற்றில் ரியோ என்பதற்கு 32 எம்பி நினைவகம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சாதாரணத் தரமான 128 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்பி. ஆக அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், ஒரு கேசட்டின் ஒரு பக்கம். இதற்கே அமெரிக்க இசைக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1999-ல் தோற்றன.

கோர்ட்டில் தோற்றாலும் காலப்போக்கில் அவர்கள் விரும்பியதுதான் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 2001-ல் வந்த ஐபாடில் ரேடியோவே கிடையாது. 2009-ல் நேனோ மாடலில்தான் உள்ளேயே ரேடியோ வைத்தார்கள். அதிலும் ஓடும் நிகழ்ச்சியை 15 நிமிஷம் வரை நிறுத்தி வைத்துக் கேட்கலாம், கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ள முடியாது! பாட்டை விற்கிறவனுக்கு, இலவசமாக வருவதைப் பிடித்து வைக்கும் பொத்தான் எதற்கு? மாறாக, 2005 வாக்கில் நம் பஜாரில் குவிந்த பெயர் தெரியாத சீன எம்பி3 பிளேயர்களில் எஃப்எம் பதிவு இருந்தது. கான்பூரில் பிரம்மச்சாரியாக இருந்தபோது நானும் ஒன்று வைத்திருந்தேன். பிறகு செல்போன் வந்து எல்லாவற்றையும் விழுங்கியது. சில போன்களில் எஃப்எம் பதிவும் இருந்தது. பிறகு பதிவு போனது, அப்புறம் எஃப்எம்மே போனது. 2023-ல் மத்திய அரசு, போன்களில் எஃப்எம்மை முடக்காதீர்கள் என்று கம்பெனிகளுக்கு அறிவுரை சொல்லும் அளவுக்கு.

சட்டப்படி தப்போ என்று பயப்படுபவர்களுக்கு: 1957 காப்புரிமைச் சட்டம் 39-ம் பிரிவு, தன் சொந்த உபயோகத்துக்காக ஒலிபரப்பைப் பதிவு செய்துகொள்வதை அனுமதிக்கிறது. ஊருக்கெல்லாம் விநியோகித்தால்தான் வம்பு.

இனி 2019. தாத்தாவைக் கூப்பிட்ட அதே நிலையத்திலிருந்து அப்பாவுக்கு அழைப்பு, தபால் ஆபீஸ் அனுபவங்களைப் பேச. கேட்டதும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தடவை விடக்கூடாது. ஒரு கடையில் எஃப்எம், மீடியம் வேவ், மெமரி கார்டு எல்லாம் உள்ள சின்ன ரேடியோ வாங்கினேன். டப்பாவிலேயே 'ரெக்கார்டிங்' என்று கொட்டை எழுத்து. கூரியரில் அனுப்பி, போனிலேயே அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். பேச்சு மீடியம் வேவில் வந்தது. அம்மா சரியான நேரத்தில் அமுக்கினார். பதினான்கு நிமிஷம், கோப்பும் வந்தது.

போட்டுக் கேட்டால் முதலில் குக்கர் விசில். பிறகுதான் புரிந்தது. அந்தக் கருவி எஃப்எம்மை மட்டும்தான் நேராகப் பதியும். மீடியம் வேவ் ஓடும்போது பொத்தானை அமுக்கினால் உள்ளே இருக்கும் மைக்கைத் திறந்துவிடும். அறையில் கேட்பதெல்லாம் பதியும். இப்படி வைப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. கார்டில் எழுதும் டிஜிட்டல் சுற்று கிளப்பும் மின் இரைச்சல் மீடியம் வேவில்தான் அதிகம் புகுந்து தொல்லை செய்யும். அதைத் தடுத்துக் கட்டச் செலவாகும். மலிவுக் கருவியில் யார் செய்வார்கள்?

அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்பா பேச்சு எங்கோ தூரத்தில் கேட்கிறது. நடுவில் அம்மா, "சத்தத்தைக் கூட்டுங்க, ஒண்ணும் கேக்கலை" என்கிறார். அப்பா, "நான் பேசுனதுதானே, எனக்குத் தெரியும், பேசாம இரு" என்கிறார். ரேடியோவுக்குள் அப்பா மணியார்டர் பற்றிச் சொல்ல, வெளியே அம்மா "இது பொய்" என்று சிரிக்கிறார்.

2021-ல் அம்மா போய்விட்டார். வீட்டில் அவர் குரல் இருப்பது அந்த ஒரு கோப்பில்தான்.

அந்தக் கார்டைப் போட்டு அப்பா தினமும் கேட்டுவந்த ரேடியோதான் இப்போது செத்துப்போனது. நல்லவேளை, கோப்பு என்னிடம் மூன்று இடத்தில் இருக்கிறது.

ஆக, தேடி அலைந்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன். கடைக்காரரிடம் "ரெக்கார்டிங் உண்டா" என்று கேட்காதீர்கள், உண்டு என்றுதான் சொல்வார். "ரேடியோவை நேராகப் பதியுமா, எந்தெந்த அலைவரிசையில்?" என்று கேளுங்கள். கடையிலேயே ஒரு நிமிஷம் பதிந்து, பதியும்போது பக்கத்தில் கை தட்டுங்கள். திருப்பிப் போடும்போது கைதட்டல் கேட்டால் அது மைக். எம்பி3-யாகச் சேமிப்பதே நல்லது. பேச்சுக்கு 64 கிலோபிட் தாராளம். வேவ் கோப்பாக வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல் தின்னும். பேட்டரி கழற்றி மாற்றும்படி இருக்கட்டும். பழைய நோக்கியா போன் பேட்டரி போடும் ரேடியோக்கள் இன்னும் கிடைக்கின்றன, எந்தக் கிராமத்திலும் மாற்று கிடைக்கும். பதியும்போது பேட்டரி தீர்ந்தால் கோப்பு பிழைக்குமா என்று வாங்கியதும் ஒருமுறை சோதியுங்கள். குறித்த நேரத்தில் தானே பதியும் டைமர் இருந்தால் விசேஷம். ஜப்பானில் என்எச்கே மொழிப் பாடங்களைப் பிடிப்பதற்காகவே இப்படிப்பட்ட ரேடியோக்கள் விற்றன. ஒலிம்பஸ், சோனி இரண்டும் செய்தன. நம்மூர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை.

கேட்டுப் பழகியவை நமக்குச் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிபிசி தமிழோசையின் ரேடியோ ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது. இந்த நாக்பூரிலிருந்தே 1988 முதல் ராத்திரி முழுக்க நாடெங்கும் கேட்ட ஆல் இந்தியா ரேடியோவின் தேசிய அலைவரிசையை 2019-ல் மூடினார்கள். இரண்டையும் வருஷக்கணக்கில் கேட்டவன் நான். என்னிடம் ஒரு நிமிஷப் பதிவு கூட இல்லை.

கடைசியில் இணையத்தில் தேடி ஒன்று வாங்கினேன். எஃப்எம், மீடியம் வேவ் இரண்டையும் நேராகப் பதியும். மைக்குக்குத் தனிப் பொத்தான். நாக்பூரில் நானே கைதட்டிச் சோதித்துவிட்டு, அம்மா கோப்பையும் கார்டில் ஏற்றி அனுப்பினேன். பெட்டி போய்ச் சேர்ந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு லைசென்ஸ் உண்டாலே?" இரண்டாவது, "மைக் பொத்தான் எது?"

பக்கத்து வீட்டுப் பையன் உதவியோடு முதல் பதிவை எனக்கு அனுப்பி வைத்தார். நாற்பது விநாடி. தொண்டையைச் செருமிவிட்டு, தபால் முத்திரை குத்துவது போல ஊர்ப் பெயர், தேதி, காலை ஆறே முக்கால் என்று வரிசையாகச் சொல்கிறார். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் ஒரு காக்கா கத்துகிறது. "சரி, இது வேலை செய்யுது" என்று சொல்லி நிறுத்திவிட்டார்.